பத்து எண்ணும் வரைக்கும்

எடுபட்ட பயல் ஈயை விரட்டக் கையைத் தூக்கிவிட்டான். அதுவும் படம் பிடிக்கப் பத்து எண்ணுகையில், எட்டு எண்ணி முடிக்கிற நேரத்தில். புன்னைத்துறைப் பஞ்சாலையில் வேலை பார்க்கிற பொம்பிளைகள் நூறு பேரும் ஆம்பிளைகள் அறுபது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மரப்பாச்சி மாதிரி நிற்க, சீமையிலிருந்து கப்பலேறி வந்த ராசகுமாரன், ராணிக்கு ஏதோ ஒரு வழியில் பேரன் முறையாம், மூக்கில் உட்கார்ந்த ஒற்றை ஈக்குப் பொறுக்காமல் வெள்ளைக் கையுறை போட்ட கையை வீசினான். முக்காலிப் பெட்டிக்குப் பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்த படக்காரத் துரை வெளியே வந்து, சிரித்து, குனிந்து, அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை என்று அவர்கள் பாஷையில் என்னமோ சொன்னான். இதே ஈ பேராச்சியின் மூக்கில் உட்கார்ந்து அவள் கையைத் தூக்கியிருந்தால் எவன் சிரித்திருப்பான். நயினார் மேஸ்திரி அவள் ஏழு தலைமுறையையும் தெருவுக்கு இழுத்திருப்பான், அந்தக் கையோடு வாசலுக்கு வெளியே தள்ளியிருப்பான். விடிகாலையிலிருந்து அதையேதான் ஓதிக்கொண்டிருக்கிறான். அசைந்தவளுக்கு நாளைக்கு வேலை கிடையாது, தும்மினவளுக்குக் கிடையாது, பல்லைக் காட்டினவளுக்குக் கிடையாது. ஈ ஓட்டினவனுக்கு மட்டும் சலாம்.

இன்னொரு தட்டு பிடிக்கணும், எவளும் நின்ன இடத்தை விட்டு நகரப்படாது என்று மேஸ்திரி வரிசை வரிசையாக வந்து சொல்லிவிட்டுப் போனான். பெட்டிக்குள் ஒரு கண்ணாடித் தட்டு இருக்கிறதாம். அதில் மருந்து தடவி, ஈரம் காய்வதற்குள் பிடித்தால்தான் படம் விழுமாம். அந்த மருந்தைத் தடவப் படக்காரன் தன் கறுப்புக் கூடாரத்துக்குள் போய்விட்டான். ராசகுமாரனுக்கு நாற்காலி, தலைக்கு மேல் பட்டுக் குடை, கையில் கண்ணாடித் தம்ளரில் எதையோ கொடுத்திருக்கிறார்கள். இவர்களுக்கு வெயில். பஞ்சுப் பொதிகளை அடுக்கி வளைவு கட்டியிருந்தார்கள், அந்த வளைவின் நிழலாவது இந்தப் பக்கம் விழுந்ததா என்றால் அதுவும் ஆள் பார்த்து நாற்காலியோடு நின்றுகொண்டது. பேராச்சிக்கு இரண்டாவது வரிசையில் கடைசி இடம். இடது பக்கம் ஆலைச் சுவர், வலது பக்கம் புருசனின் தங்கை முப்பிடாதி. உடம்பில் கம்பெனி கொடுத்த வெள்ளைச் சேலை, படம் முடிந்ததும் அவிழ்த்து மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கட்டினவன் உயிரோட இருக்கையில வெள்ளையக் கட்ட வச்சிட்டானுவளே பாவிப்பயக்க என்று காலையில் நாலைந்து பேர் முணுமுணுத்தார்கள். சிவப்புக் கரை இருக்குல்லா, அது போதாதா என்று மேஸ்திரி அவர்கள் வாயை அடைத்துவிட்டான். பேராச்சி முணுமுணுக்கவில்லை. கட்டினவன் உயிரோடு இருக்கிறான் என்று அவளுக்கு யார் வந்து சொன்னார்கள். கண்டிக்குக் காப்பித் தோட்டத்துக்குப் போகிறேன் என்று வயிற்றில் நாலு மாசத்தோடு விட்டுவிட்டுப் போனவன், போய்ப் பத்து மாசம், ஒரு வாய்ச்சொல் வரவில்லை. இருக்கிறானோ, அட்டை உறிஞ்சிச் செத்தானோ, அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டானோ, எப்படியானாலும் அவனுக்கு இந்த வெள்ளை போதும். ராசகுமாரனைப் பார்த்தால் அவன் வயசுதான் இருக்கும், மீசை கூட ஒழுங்காக முளைக்கவில்லை. என்னத்தைப் பார்க்க இத்தனை தூரம் வந்தான். ஆலையைப் பார்க்க வந்தானாம், அவனுக்கு ஆலையை நிறுத்தி வைத்துக் காட்டுகிறார்கள். புகை வந்தால் துரைமார் சட்டையில் கரி விழும், மிஷின் ஓடினால் தரை அதிர்ந்து படம் நடுங்கும். பஞ்சு ஒட்டாத தலையும் கழுவின முகமுமாக நிற்கிற இந்தப் பொம்பிளைகளை இவர்கள் பிள்ளைகளே அடையாளம் கண்டுகொள்ளாதுகள்.

பிள்ளை என்று நினைத்ததும் மார் கனத்தது. இந்த மாருக்கு மானம் மரியாதை கிடையாது, நினைத்த மாத்திரத்தில் சுரந்துவிடும். இரண்டு பக்கமும் கல்லாக இறுகி, அக்குள் வரை வலி இழுத்தது. விடியுமுன்னே கொடுத்த பால். மற்ற நாளென்றால் ஒன்பது மணிக்கு ஒரு சங்கு ஊதும், பிள்ளைக்காரிகள் எல்லாம் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு அடுத்த சங்குக்கு ஓடி வருவார்கள். இன்றைக்குச் சங்கும் இல்லை, மண்ணும் இல்லை. சூரியன் உச்சிக்கு வரப் பார்க்கிறது. முதலில் இடது பக்கம் ஈரமாயிற்று, அப்புறம் வலது பக்கம். துணியில் வட்டமாகப் பரவுவது குனிந்து பார்க்காமலே தெரிந்தது. கறை பட்டால் மேஸ்திரி விடமாட்டான். கையைக் குறுக்கே வைத்து மறைக்கலாம் என்றால் கையைத் தொங்கவிட்டுத்தான் நிற்க வேண்டும் என்று உத்தரவு. நனையட்டும். ராணி வீட்டுப் பிள்ளைக்கும் எவளோ ஒருத்தி பால் கொடுத்திருப்பாள், இவன் என்ன பஞ்சுப் பொதியிலிருந்தா பிறந்தான். படத்தில் விழட்டும், சீமைக்குப் போகட்டும், அங்கே அந்த ராணி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதென்ன ஈரம் என்று கேட்கட்டும். சிரிப்பு வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டாள்.

பிள்ளை கழிவுப் பஞ்சைக் கொட்டிவைக்கிற கிட்டங்கியில் கிடக்கிறது. இங்கிருந்து நாற்பது எட்டு இருக்கும். உத்தரத்தில் வரிசையாகப் பன்னிரண்டு சேலைத் தொட்டில், ஒன்றில் பேராச்சியின் மகள் பிராட்டி, ஐந்து மாசம், அடுத்ததில் முப்பிடாதியின் பயல். மிஷின் ஓடுகிற நாளில் எது அழுதாலும் வெளியே கேட்காது. இன்றைக்கு மிஷின் இல்லை, காற்றுக் கூட இல்லை, கூடாரத்துக்குள் படக்காரன் தகரத்தை உருட்டுகிற சத்தம் கேட்கிறது, எவனுடைய குதிரையோ தும்முவது கேட்கிறது. ஒரு பிள்ளையும் அழவில்லை. அழாது. அதுதான் உறக்க மருந்து கொடுத்திருக்கிறதே. கடைத்தெருவில் விற்கிற அபினியில் கடுகளவு கிள்ளி, தாய்ப்பாலில் குழைத்து, நாக்கில் தடவிவிட்டால் ஒன்பது மணிச் சங்கு வரை கண் திறக்காது. கொடுக்காமல் எவள் இங்கே வேலை பார்க்க முடியும். அது பாவம், மூளை மங்கும் என்று பேறுகாலம் பார்க்கிற மருத்துவச்சி சொன்னாள். அவள் வந்து ஒரு நாள் மிஷினில் பஞ்சைத் தள்ளிக் கொட்டை எடுக்கட்டும், பிள்ளை கத்துகிற சத்தத்தை மனசில் வைத்துக்கொண்டு விரலை உருளைக்குக் கொடுக்காமல் இருந்துகாட்டட்டும், அப்புறம் பாவத்தைப் பேசலாம். பேராச்சி கைமறதியாகக் கொடுக்கிறவள் கிடையாது. இங்கே யாருமே அப்படிக் கிடையாது, அதற்கு ஒரு முறை இருக்கிறது. மருந்து கொடுத்தவள் விளக்குக் கரியைத் தொட்டுப் பிள்ளையின் இடது உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்துவிட வேண்டும். பொட்டு இருந்தால் மருந்து ஆயிற்று, இன்னொருத்தி கொடுக்கக் கூடாது. முன்னே ஒருதரம் தாயும் கொடுத்து, அது தெரியாமல் சித்தியும் கொடுத்து, ஒரு பிள்ளை எழும்பாமலே போய்ச் சேர்ந்த பிறகு ஏற்பட்ட முறை. பேராச்சி பொட்டு வைத்தாள். இருட்டோடு வந்து, பால் கொடுத்து, மருந்து தடவி, சுண்டுவிரலால் கரியைத் தொட்டு வைத்துவிட்டுத்தான் சேலை மாற்றப் போனாள். மாற்றிவிட்டு வரிசைக்கு வருகிற வழியில் ஒரு எட்டு எட்டிப் பார்த்தாள். கால் தொட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளங்காலில் பொட்டு இருந்தது, காலை எடுத்து உள்ளே விட்டுவிட்டு வந்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பெரிய பொட்டு. அதென்ன அவ்வளவு பெரிசு. வேண்டாத நினைப்பு என்று தள்ளிவிட்டு ராசகுமாரனின் செருப்பைப் பார்த்தாள், செருப்பு இல்லை அது, முழங்கால் வரைக்கும் வருகிற தோல், அதில் வெயில் பட்டுக் கண் கூசியது. அவன் பக்கத்தில் நின்ற கம்பெனித் துரை வேர்வையில் குளித்துக்கொண்டு சிரித்தான், வேர்க்கட்டும் நல்லா. சுண்டுவிரலால் வைத்த பொட்டு மிளகளவுதான் இருக்கும். வியர்வையில் பரவியிருக்கும். பிள்ளைக்கு உள்ளங்கால் வேர்க்குமா. வேர்க்கும், ஏன் வேர்க்காது, கிட்டங்கிக்குள் என்ன வெக்கை. பரவினால் ஓரம் மங்கியிருக்கும், அது மங்கவில்லை, மை பூசின மாதிரிக் கருகருவென்று கட்டைவிரல் அகலத்துக்கு இருந்தது. முப்பிடாதி எதையும் கட்டைவிரலால்தான் அப்புவாள். நெற்றிக் குங்குமமே அவளுக்கு ஒரு பருப்பு வடை அகலம். சே, அவள் எதற்கு வைக்கப்போகிறாள், ஏற்கெனவே பொட்டு இருக்கிற காலில் எவளாவது இன்னொரு பொட்டு வைப்பாளா. இவளுக்குக் கை சும்மா இருக்காது, ஆனாலும் அவ்வளவு கூறு கெட்டவள் இல்லை. படக்காரன் இன்னும் கூடாரத்துக்குள் என்ன செய்கிறான், மருந்து தடவுகிறானா, மருந்து அரைத்துக் காய்ச்சுகிறானா. கால் ஈரமாக இருந்தது. இதை ஏன் இப்போது நினைக்கிறோம் என்று தெரியவில்லை, ஆனால் இருந்தது, காலை எடுத்து உள்ளே விடுகையில் கை ஈரமாயிற்று, அந்தக் கையைப் புதுச் சேலையில் துடைக்கப் போய், ஐயோ கறை பட்டுவிடுமே என்று பதறிச் சுவரில் துடைத்தாள். சேலையைப் பற்றித்தான் நினைத்தாள். பிள்ளையின் கால் ஏன் ஈரமாக இருக்கிறது என்று நினைக்கவில்லை. மூத்திரம் என்றால் சூடாக இருக்கும், இது கிணற்றுத் தண்ணீர், குளிர்ந்து கிடந்தது. இருட்டோடு இவள் வந்தபோது கிட்டங்கியில் தண்ணீர் ஏது. சேலை மாற்றிக்கொண்டிருக்கையில் மேஸ்திரி பெண்டாட்டி ஒரு செப்புக்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமாக ஆட்டி ஆட்டிப் போனாள். போகிற போக்கில் சொல்லிக்கொண்டும் போனாள், துரைச்சானிமாரு உள்ள எட்டிப் பாத்தாலும் பாப்பாவளாம், கரியும் சளியுமாக் கெடந்தா கம்பேனிக்கில்லா அசிங்கம், அவுக உத்தரவு போட்டுட்டாக, எல்லாப் பிள்ளையவும் மொகமும் காலும் கழுவி விடணும். சொன்னாள். பேராச்சியின் காதில் விழுந்தது. விழுந்த அப்புறமும் அவள் தன் முந்தானையின் கரை வெளியே தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கழுவின காலில் பொட்டு இருக்காது. கழுவின காலில் பொட்டு இருந்தது. முப்பிடாதி பக்கத்தில் நிற்கிறாள், முழங்கை முழங்கையில் இடிக்கிறது, கேட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும், கேட்க நாக்கு எழவில்லை. அவள் இல்லை என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அப்படியே சும்மா இருந்தால் அவள் இல்லை என்று சொன்ன மாதிரிதானே. பேராச்சி கொஞ்ச நேரம் அப்படிச் சும்மா இருந்து பார்த்தாள். பிறகு உதடு அசையாமல், பார்வையை ராசகுமாரனின் குடையை விட்டு எடுக்காமல் கேட்டாள். "ஏட்டி முப்பிடாதி, கிட்டங்கிக்குப் போனியா?" "போனேன் மைனி, எம் பயலும் அங்கதான கெடக்கான்." "பிராட்டியப் பாத்தியா?" "பாத்தேன். முழிச்சிக்கிட்டுச் சிணுங்கிட்டுக் கெடந்தா. மொகத்துல தண்ணி பட்டிருக்கும்லா." முப்பிடாதிக்கும் உதடு அசையவில்லை, குரல் மட்டும் வந்தது, அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது. "காலப் பாத்தேன், பொட்டக் காணும். இவ இன்னிக்கு அவசரத்துல மறந்துட்டா போலன்னு நானே தடவிவிட்டுட்டேன். பொட்டும் வச்சிட்டேன். நீ ஒண்ணும் வெசனப்படாத." பேராச்சிக்குக் காதுக்குள் மிஷின் ஓடிற்று. "எவ்ளோ தடவுன?" "நேரமாகும்னு சொன்னாவல்லா. அதான் கொஞ்சம் கூட. ஒரு நெல்லளவு இருக்கும்." "நானும் குடுத்திருந்தேன்ட்டி." முப்பிடாதி முழங்கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதற்குள் கூடாரத்தை விலக்கிக்கொண்டு படக்காரன் ஓடி வந்து தட்டைப் பெட்டிக்குள் செருகினான், ராசகுமாரன் தம்ளரைக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றான், மேஸ்திரி கையை உயர்த்தினான்.

ஒன்று என்றான் மேஸ்திரி. பத்துதானே. பத்து எண்ணி முடித்ததும் ஓடிவிடலாம், மருந்து உள்ளே போய் எத்தனையோ நாழிகை ஆயிற்று, அதில் இந்தப் பத்து என்ன கூடிவிடப் போகிறது. இரண்டு. இவளை வெட்டிப் போட வேண்டும், இந்த முப்பிடாதியை, பொட்டு இல்லையென்றால் வந்து கேட்டால் என்ன, வாய் அடைத்தா போயிருந்தது. கேட்க எங்கே விட்டான், வரிசையில் நிற்கிறவளிடம் பேசினால் மேஸ்திரி பெரம்பை எடுக்கிறான். அவனை வெட்ட வேண்டும். செப்புக்குடத்தோடு ஆட்டிக்கொண்டு போனாளே அவளை வெட்ட வேண்டும். கழுவுவதைக் காதில் கேட்டும் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றவளை என்ன செய்ய. மூன்று. மேஸ்திரி ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு வாய் சோறு தின்கிற நேரம் விட்டு எண்ணினான். அசைந்தால் வேலை போகும், வேலை போனால் பிராட்டிக்கு என்ன கொடுக்க, இந்த மாரில் எத்தனை நாளைக்குச் சுரக்கும், தின்றால்தானே சுரக்கும். தாது வருசப் பஞ்சத்தில் இப்படித்தான் வற்றிப்போயிற்று. அன்றைக்கும் வரிசை. கஞ்சித் தொட்டி வரிசை, இதே சர்க்கார் போட்ட வரிசை, இதே மாதிரி ஒருத்தன் கம்பை வைத்துக்கொண்டு விலகினால் இடம் போய்விடும் என்றான். இடுப்பில் மூத்தவன். ஒன்றரை வயசு. காலையிலிருந்து நய் நய் என்று அழுதுகொண்டிருந்தவன் நடுவில் நிறுத்திவிட்டான், தோளில் தலை சாய்ந்தது, உறங்கிவிட்டான், நல்லதாயிற்று என்று நினைத்தாள். நல்லதாயிற்று என்றே நினைத்தாள். நான்கு. பின்னால் நின்றவள் தொட்டுப் பார்த்துவிட்டு, ஏ தாயி, பிள்ளயப் பாரு என்றாள். பார்த்தால் தெரிந்துவிடும் என்று பேராச்சி பார்க்கவில்லை. முன்னால் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேரும் வாங்கி முடிக்கிற வரைக்கும் அவள் இடத்தை விடாமல் நின்றாள், சட்டியை நீட்டினாள், கஞ்சி வாங்கினாள், வேப்பமரத்தடிக்குப் போனாள், அதற்கப்புறம்தான் அவன் முகத்தைத் திருப்பினாள். அந்தக் கஞ்சியை அவள் குடித்தாள். யாரிடமும் சொன்னதில்லை, கட்டினவனிடம் கூடச் சொன்னதில்லை, குடித்தாள், சட்டியை வழித்தும் நக்கினாள். ஐந்து.

கால் மரத்துப்போயிருந்தது, ஓட வரவில்லை, நடந்தாள். முன்வரிசையில் இரண்டு பேரைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு, நாற்காலிக்கும் முக்காலிப் பெட்டிக்கும் நடுவில், கிட்டங்கிக்கு அதுதான் நேர் வழி, நடந்தாள். ராசகுமாரன் திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தான். நீலக் கண். அதில் பயம் இருந்ததை அவள் பார்த்தாள், இத்தனை சிப்பாயையும் வைத்துக்கொண்டு பால் வடிகிற ஒருத்திக்குப் பயந்தான். ஏ ஏ என்று மேஸ்திரி கத்த வாயெடுத்து, கத்தக் கூடாது என்று நினைவு வந்து தொண்டையிலேயே விழுங்கினான். படக்காரன் கறுப்புத் துணிக்குள்ளிருந்து ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான், அது எந்தப் பாஷையிலும் புரியும். அந்தத் தட்டும் போயிற்று. அதில் அவள் விழுந்திருந்தால் ஒரு வெள்ளைப் புகையாகத்தான் விழுந்திருப்பாள், அதையும் அவன் பிறகு சுரண்டிக் கழுவி மூன்றாவது படத்துக்கு எடுத்துக்கொண்டான்.

கிட்டங்கிக்குள் நுழைந்ததும் கண் தெரியவில்லை. பன்னிரண்டு தொட்டிலும் ஒரே மாதிரித் தொங்கின. கையால் தடவிக்கொண்டே போய் நாலாவதில் பிராட்டியைத் தூக்கினாள், தலை பின்னால் தொங்கிற்று. உடம்பு சூடாகத்தான் இருந்தது. மூக்கடியில் விரலை வைத்தாள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு மூச்சு, மெல்லிசாக, வந்தது. அடுத்ததற்கு அவள் காத்திருந்த நேரத்தில் ஒரு சேலை நெய்துவிடலாம். இமையைப் பிரித்துப் பார்த்தால் கருமணி கடுகாகச் சுருங்கிக் கிடந்தது, உதட்டோரம் நாவல்பழம் தின்ற நிறம். என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், இங்கே எல்லாருக்கும் தெரியும், உறங்க விடக் கூடாது, அவ்வளவுதான், பொழுது சாய்கிற வரைக்கும் எப்படியாவது உறங்க விடாமல் வைத்திருந்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். உள்ளங்காலில் அறைந்தாள். கன்னத்தில் தட்டினாள். ஏட்டி பிராட்டி, ஏட்டி, என்னப் பாரு. மூலையில் மேஸ்திரி பெண்டாட்டி விட்டுப்போன செப்புக்குடத்தில் மிச்சத் தண்ணீர் இருந்தது, அள்ளி முகத்தில் அடித்தாள். பிள்ளை ஒரு தரம் முகத்தைச் சுளித்தது, பிறகு அதையும் விட்டுவிட்டது. பேராச்சி தொடையைப் பிடித்தாள், பஞ்சு மாதிரித் தொடை, ஐந்து மாசமாக எண்ணெய் தடவி மடிப்பு விழ வைத்த தொடை, நகத்தைக் கொடுத்து அழுத்திக் கிள்ளித் திருகினாள். வாய் கோணிற்று. சத்தம் வரவில்லை. இன்னொரு தரம் அதே இடத்தில் திருகினாள், தோல் கன்றிச் சிவந்தது, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. வந்த சத்தம் இந்த இருட்டில் அடங்கிவிடும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது, இந்தக் கிட்டங்கியே உறங்குகிறதற்கென்று கட்டினது, ஒரு நிமிஷமும் இதற்குள் நிற்கக் கூடாது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலுக்கு வந்தாள்.

வெயிலில் மறுபடியும் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். மூன்றாவது தட்டு. கம்பெனி ஆபீஸ் சுவரில் ஏறினது அந்தப் படம்தான், ராசகுமாரன் நடுவில் நெஞ்சை நிமிர்த்தி நிற்க, பின்னால் பெண்கள் மூக்கும் முழியுமாகத் தெளிவாக விழுந்திருக்க, சுவரோரம் இரண்டு ஆள் நிற்கிற அளவுக்கு வெறுமையாக ஓர் இடம் இருக்கும். இரண்டு ஆள், ஏனென்றால் முப்பிடாதியும் வந்துவிட்டாள். தள்ளாடிக்கொண்டு ஓடி வந்து, முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல், "மைனி, இங்க குடு, ஒனக்குக் கை வலிச்சா நான் கிள்ளுதேன்" என்றாள். "தொட்டேன்னா கொன்னுருவேன்" என்றாள் பேராச்சி. சொல்லிவிட்டுப் பிள்ளையின் இன்னொரு காலை அவள் பக்கம் நீட்டிக் காட்டினாள். இரண்டு பேருமாகப் பெட்டிக்குப் பின்னால் மண்ணில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார்கள், ஒருத்தி தொடையில் கிள்ளினாள், ஒருத்தி உள்ளங்காலில் அடித்தாள். பிள்ளை வீறிட்டது. வீறிட்ட சத்தத்தில் முன்வரிசைக்காரிகள் பத்துப் பேருக்கு முகம் இழுத்தது, அவரவர் மாரில் அவரவர்க்கு நனைந்திருக்கும், ஆனாலும் ஒருத்தியும் திரும்பவில்லை. கம்பெனித் துரை மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி வந்தான். எண்ணுகிற வேலையைக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, துரைமாருக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வந்தான், முகம் கறுத்துக் கிடந்தது. "வாயப் பொத்துட்டி அதுக்கு" என்று பல்லைக் கடித்தான். பேராச்சி கிள்ளினாள். "ராசாங்கத்துப் பிள்ள நிக்காருட்டி, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" கிள்ளினாள். அழுகை சற்று இறங்கியது, இமை பாதிக்கு வந்து நின்றது, உதட்டு நீலம் அப்படியே இருந்தது. இன்னும் பொழுது கிடக்கிறது, எவ்வளவு பொழுது, உச்சியே ஆகவில்லை. மேஸ்திரி இன்னும் கிட்டே வந்து, அவள் காதோரம் குனிந்து, ஒருத்தருக்கும் கேட்காதபடி சொன்னான்: "நாளையிலருந்து ஒனக்கு வேலை கெடையாது. ரெண்டு பேருக்கும் கெடையாது. இந்த வாசல மிதிக்கப்படாது. வெளங்குச்சா?" விடிந்ததிலிருந்து இந்த வார்த்தைக்குத்தான் அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். அது வந்து விழுந்த நேரத்தில் அவள் பிள்ளையின் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்கல மேஸ்திரி" என்றாள். "நல்லாச் சத்தமாச் சொல்லும். பிள்ள ஒறங்கப் பாக்கா."